ஆடிப்போன படங்களில் மிஞ்சுகிறவர்கள்

அலெக்ஸி டிடாரென்கோவின் 'நிழல்களின் நகரம்' வரிசையில் ஒரு படம் இருக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வசிலியோஸ்த்ரோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்து வாசல் படிக்கட்டு. சோவியத் யூனியன் கலைந்து அதிக நாள் ஆகாத சமயம். படிகளில் ஏறுகிற கூட்டம் மொத்தமும் சாம்பல் நிறப் புகையாகிவிட்டது. முகம் கிடையாது, தோள் கிடையாது, யார் ஆண் யார் பெண் என்றுகூடப் பிரிக்க முடியாது. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் மட்டும் கைகள் தெரிகின்றன. உடம்பில்லாத கைகள். புகைக்குள்ளிருந்து நீண்டு வந்து கம்பியைப் பற்றியிருக்கின்றன.

இந்தப் படத்தை நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் நல்ல வாசகர், ருஷ்ய நாவல்களில் ஊறியவர். "ஆடிப்போன படம்தானே இது, இதுல என்ன இருக்கு?" என்றார். ஸ்டுடியோக்காரர்களின் வார்த்தை அது. நம் ஊரில் படம் எடுப்பதென்றாலே ஆடாமல் அசையாமல் நிற்பதுதான். குழந்தை தலையைத் திருப்பிவிட்டால் "ஆடிடுச்சு, இன்னொண்ணு எடுத்துருவோம்" என்பார் போட்டோக்காரர். ஆடிய படம் வீண். ஆல்பத்தில் அதற்கு இடமில்லை.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. இணையத்தில் மெதுவான ஷட்டரில் எடுத்த படங்கள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை அழகானவை, பார்த்த அடுத்த நிமிஷம் மறந்துபோகக் கூடியவை. டிடாரென்கோவின் படம் மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது? அதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. சாதாரணமாக நடக்கிற ஒரு மனிதர் வினாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நகர்கிறார். ஷட்டர் 1/500 வினாடி திறந்திருந்தால் அதற்குள் அவர் 3 மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்கமாட்டார். படத்தில் சிலைபோல நிற்பார். 1/8 வினாடி திறந்திருந்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்திருப்பார். முகம் கலங்கும், கால் கரையும். முழுதாக ஒரு வினாடி என்றால் ஏறக்குறைய இரண்டு எட்டு எடுத்துவைத்திருப்பார், ஒரு தீற்றல்தான் மிஞ்சும். சில நிமிடங்கள் திறந்து வைத்தால் அவர் அங்கே வந்ததற்கே தடயம் இருக்காது. ஒளி விழுந்துகொண்டே இருக்கும் தகட்டில், எது ஒரே இடத்தில் அதிக நேரம் இருக்கிறதோ அது பதியும். மற்றது பின்னால் இருக்கிற சுவரின் வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு கல்யாண ஆல்பத்தில் 250 படங்கள். எல்லாமே 1/250 வினாடியில் எடுத்தவை என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் ஒரே ஒரு வினாடி. இரண்டு நாள் கல்யாணத்தில் ஒரு வினாடியைத்தான் அந்தக் கனமான ஆல்பம் வைத்திருக்கிறது. நாம் அதைத்தான் 'உள்ளது உள்ளபடி' என்கிறோம். டிடாரென்கோவின் ஒரே படத்தில் இருக்கும் நேரம் அந்த மொத்த ஆல்பத்தைவிடப் பல மடங்கு அதிகம். எது உண்மைக்கு நெருக்கம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

புகைப்படக்கலை பிறந்தபோதே இந்தச் சிக்கலும் கூடவே பிறந்தது. 1838இல் லூயி டாகேர் தன் ஜன்னலிலிருந்து பாரீஸின் 'புலவார் து டாம்ப்ள்' தெருவை எடுத்தார். வண்டிகளும் குதிரைகளும் ஆட்களுமாக நெரிசலான தெரு. தகட்டில் பதிய சில நிமிடங்கள் தேவைப்பட்டதால் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். படத்தில் இருப்பது வெறிச்சோடிய தெரு. மரங்கள், கூரைகள், புகைபோக்கிகள். இடது பக்கம் கீழே மட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். காலணியைத் துடைத்துக்கொள்வதற்காக ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று இவரைப் பல புத்தகங்கள் சொல்கின்றன. தந்திக் குறியீட்டுக்குப் பேர்போன சாமுவேல் மோர்ஸ் 1839இல் பாரீஸ் போனபோது இந்தத் தகட்டைப் பார்த்து ஊருக்குக் கடிதம் எழுதினார். காலும் காலணியும் தெளிவாக இருக்கின்றன, உடம்பும் தலையும் அசைந்ததால் இல்லை என்று கவனமாகக் குறித்திருக்கிறார்.

சரி, அந்தக் காலணியைத் துடைத்தவர்? அவரும் அதே இடத்தில் அதே நேரம் இருந்தார். தகட்டில் அவரும் இருக்கிறார், இன்னும் கலங்கலாக. கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்ததே, எப்படித் தெளிவாக விழும்? மோர்ஸின் விவரிப்பில் அவர் பெட்டிக்குச் சொந்தக்காரராக மட்டும் வந்துபோகிறார். முதல் மனிதர் என்ற பட்டம் வேலை வாங்கியவருக்குப் போனது. நீண்ட நேரம் ஒளி விழுந்தால் நிற்க வசதி இருந்தவர் தெரிவார், வேலை செய்தவர் கரைவார். டாகேர் இதை யோசித்துச் செய்யவில்லை, ரசாயனம் செய்தது. ஆனால் மெதுவான ஷட்டர் படம் எதைப் பார்த்தாலும் அன்றிலிருந்து எனக்கு இந்த ஒரு கேள்விதான் முதலில் வருகிறது: இதில் யார் மிஞ்சியிருக்கிறார், ஏன்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் நம் போட்டோ கிளப்களுக்குப் பிரியமான 'பால் அருவி' படம் ஏன் சலிக்கிறது என்பது புரியும். ட்ரைபாட், லென்ஸுக்கு முன்னால் ஒளியைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர், இரண்டு மூன்று வினாடி. குற்றாலமோ ஒகேனக்கலோ, தண்ணீர் பட்டுத்துணி ஆகிவிடும். பாறை கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு கண்காட்சியிலும் குறைந்தது நான்கு இருக்கும். குற்றாலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், சீசனில் அந்த அருவியை ஆளில்லாமல் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுக்கிறவர்கள், வீறிட்டு அழும் குழந்தைகள். பால் அருவிப் படத்தில் இவர்கள் ஒருவரும் இல்லை. விடியும் முன் போய் எடுத்திருப்பார்கள். ஷட்டரை நீட்டிக் கூட்டத்தைத் 'துடைத்தெடுப்பது' எப்படி என்று சொல்லித்தருகிற பயிற்சிக் குறிப்புகளும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் இல்லாத கோட்டை, ஆளில்லாத மண்டபம். அழுக்குத் துடைப்பதுபோல மனிதர்களைத் துடைப்பது! எனக்கு இதில் உவப்பில்லை. அந்த மங்கலில் எதுவும் பணயம் வைக்கப்படவில்லை. தண்ணீர் தன் முகத்தை இழந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

எர்ன்ஸ்ட் ஹாஸ் விஷயம் இவ்வளவு எளிதில்லை. வியன்னாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்து கைதிகள் ரயிலில் ஊர் திரும்புவதை அவர் எடுத்த படங்கள்தான் அவரை மேக்னம் குழுவுக்குக் கொண்டுபோயின. அதில் ஒரு தாய், தன் மகனின் புகைப்படத்தைக் கடந்துபோகிற சிப்பாய்களிடம் நீட்டுகிறாள். ஒவ்வொரு முகமும் அந்தப் படத்துக்கு உயிர். அதே ஆள் 1956இல் ஸ்பெயினில் காளைச் சண்டையை எடுக்கப் போகிறார். அன்றைய கோடாக்ரோம் வண்ணச் சுருளுக்கு ஒளி நிறைய வேண்டும். ஷட்டரை மெதுவாகத்தான் வைத்தாக வேண்டும். அதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ளாமல் அதையே மொழியாக்கினார் ஹாஸ். காளையின் ஓட்டத்தோடு கேமராவையும் திருப்பினார். கறுப்பும் சிவப்பும் மஞ்சளும் ஒன்றோடொன்று இழைந்து ஓடுகின்றன. காளை எங்கே முடிகிறது, மனிதன் எங்கே தொடங்குகிறான் என்று தெரியாது. 1957இல் லைஃப் இதழில் வந்த அந்தப் படங்கள்தான் வண்ணத்தில் அசைவை எடுப்பதற்கு ஒரு தலைமுறைக்கே பாடமாக இருந்தன.

எனக்கு அவை பிடிக்கும். பிடிக்கிறது என்பதே உறுத்தலாகவும் இருக்கிறது. அந்த மணலில் ஒரு மிருகம் குத்திக் கொல்லப்படுகிறது. ஹாஸின் படத்தில் ரத்தமும் சிவப்புத் துணியும் ஒரே தீற்றல். வலி வண்ணமாகிவிட்டது. நம் ஜல்லிக்கட்டுப் படக்காரர்கள் நேர் எதிர். 1/2000 வினாடி, அந்தரத்தில் காளை, தெறிக்கும் மண்ணின் ஒவ்வொரு துகளும் தனித்தனி. அதிலும் பயம் தெரிவதில்லை, வீரம் மட்டும்தான். அதனால் கூர்மை நேர்மையானது, மங்கல் ஏமாற்று என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. ஆனால் ஹாஸ் மறைத்தது எது என்று கேட்காமல் அந்த வண்ணங்களை ரசிக்கவும் முடியவில்லை. வியன்னா ரயில் நிலையத்தில் அவர் கேமரா இப்படி ஓடவில்லையே.

அவருக்கும் நாற்பத்தைந்து வருடம் முன்பு, 1911இல், இத்தாலியில் அன்தோன் ஜூலியோ பிரகாலியா 'ஃபோட்டோடைனமிசம்' என்று இதற்கு ஒரு கொள்கையே எழுதினார். ஃப்யூச்சரிஸ்ட் ஓவியர்கள் வேகத்தைக் கும்பிட்டவர்கள், இவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். கொண்டாடவில்லை. 1913இல் போச்சியோனியும் சகாக்களும் இவருக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பிரகாலியா எடுத்ததில் எனக்குப் பிடித்தது தட்டச்சு செய்கிற ஒரு பெண்ணின் கைகள். விரல்கள் எழுத்துகளுக்கு மேலே பத்தாகவும் இருபதாகவும் பெருகியிருக்கின்றன. டாகேர் தகட்டில் வேலையால் கரைந்துபோன கை, இங்கே வேலையாலேயே தெரிகிறது. மங்கலே உழைப்பின் அளவு. கொள்கை அறிக்கையை மறந்துவிட்டு இந்த ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மங்கலுக்கு வேறொரு செல்வாக்கும் உண்டு. அது சாட்சியாகவும் வேலை பார்க்கும். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் ராபர்ட் காப்பா எடுத்த, தண்ணீரில் தவழ்கிற சிப்பாயின் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய படம். அந்த வேளையின் பரபரப்பில் காப்பாவின் கேமரா அசைந்துவிட்டது என்று லைஃப் இதழே படத்துக்குக் கீழே விளக்கம் போட்டது. அந்தச் சுருளுக்கு என்ன ஆயிற்று, இருட்டறையில் கெட்டதா இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நம் விஷயம் அதுவல்ல. அன்றிலிருந்து, படம் ஆடியிருந்தால் எடுத்தவர் ஆபத்துக்குள் இருந்தார் என்று நாமாகவே படித்துக்கொள்கிறோம். ஆட்டம் ஒரு சான்றிதழ் ஆகிவிட்டது. இன்றைக்கு ஷூ விளம்பரம் வரை அதைக் கடன் வாங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை. அதே கடற்கரையை 1998இல் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் ஸ்பீல்பெர்க் எடுத்தபோது ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி என்ன செய்தார் தெரியுமா? வழக்கமான 180 டிகிரி ஷட்டரை 90க்கும் 45க்கும் குறைத்தார். வினாடிக்கு 24 சட்டகம் ஓடும்போது 180 டிகிரி என்றால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் 1/48 வினாடி ஒளி. 45 டிகிரி என்றால் 1/192. அதாவது, மங்கலை அதிகமாக்கவில்லை, வெட்டி எறிந்தார். மண்ணும் சிதறலும் ஊசி ஊசியாக, விட்டு விட்டுத் துடிக்கின்றன. காப்பாவின் படங்களை மனதில் வைத்து எடுத்த காட்சி, காப்பாவுக்கு நேர் எதிரான ஷட்டரால் வந்தது. நின்ற படத்தில் திகில் மங்கலால் வருகிறது, ஓடும் படத்தில் மங்கலை எடுத்துவிடுவதால் வருகிறது. கண் எதற்குப் பழகியிருக்கிறதோ அதைக் கலைத்தால் போதும் போலிருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். ரகு ராய் 1995இல் மும்பை சர்ச்கேட் நிலையத்தில் எடுத்த படம் பலருக்குத் தெரிந்திருக்கும். பிளாட்ஃபாரத்தில் கூட்டம் ஆறுபோல் ஓடுகிறது. நடுவே ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார், அசையவில்லை. டாகேரின் தெருவில் நின்றவர் வசதியால் நின்றார். இவர் அப்படி இல்லை. இவரும் ரயிலுக்கு வந்தவர்தான். கொஞ்ச நேரத்தில் இவரும் அந்த ஆற்றில் இறங்கிவிடுவார், வேறொருவர் அங்கே நின்று பேப்பரை விரிப்பார். நிற்பதும் கரைவதும் முறை மாறி முறை வருகிறது. தாம்பரத்திலோ மாம்பலத்திலோ காலை எட்டரைக்கு நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தப் படத்தில் யாரும் துடைக்கப்படவில்லை என்றே எனக்குப் படுகிறது. கூட்டம் தன் வேகத்தோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது டிடாரென்கோவுக்குத் திரும்பலாம். 1992 ஜனவரியில் ருஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வாழ்நாள் சேமிப்பெல்லாம் சில மாதங்களில் காகிதமானது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்து வரிசைகளை எடுத்தார்கள். முக்காடு போட்ட பாட்டி, காலி அலமாரி, வெறித்த கண்கள். அத்தனையும் உண்மை, அத்தனையும் கூர்மை. ஆனால் அந்த முகங்கள் 'வீழ்ச்சி' என்ற தலைப்புக்குக் கீழே விளக்கப் படங்களாக உட்கார்ந்தன. தலைப்பைப் படித்துவிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

டிடாரென்கோ அந்த ஊர்க்காரர். லெனின்கிராடில் 1962இல் பிறந்தவர்; அந்த மெட்ரோ நிலையம் இருக்கும் வசிலியெவ்ஸ்கி தீவு அவர் வளர்ந்த இடம். அதுவரை சோவியத் சின்னங்களைக் கேலி செய்யும் ஒட்டுப்படங்கள் செய்துகொண்டிருந்தவருக்கு, கேலி செய்ய வேண்டிய அரசே இல்லாமல் போயிற்று. தெருவில் இறங்கினார். ட்ரைபாடில் கேமரா, திறந்த ஷட்டர். கூட்டம் புகையானது. பிறகு இருட்டறையில் ஒவ்வொரு பிரதியையும் கையால் வெளுக்க வைத்து, நிறமேற்றி, எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று தீர்மானித்தார். அதனால் இது ரசாயனத்தின் விபத்து இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. பசித்த மனிதர்களின் முகத்தை அழித்து அழகான பனிமூட்டம் ஆக்குவது, ஹாஸ் காளைக்குச் செய்ததையே மனிதர்களுக்குச் செய்வது ஆகாதா? சில படங்களில் ஆகத்தான் செய்கிறது. அவர் பின்னால் வெனிஸில் எடுத்தவற்றைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அதே முறை, அதே சாம்பல், அதே மினுக்கம். அங்கே மனிதர்கள் கரைந்தாலும் வெனிஸுக்கு ஒன்றும் ஆகாது. பயணிகள் கரைந்துபோவது அந்த ஊரின் அன்றாடம். முறை மிஞ்சிவிட்டது, காரணம் ஊரோடு நின்றுவிட்டது.

ஆனால் அந்தப் படிக்கட்டில் கைகள் இருக்கின்றன. கைகள் ஏன் பதிந்தன? கூட்டம் அவ்வளவு நெரிசல். ஒரு படி ஏறுவதற்குள் நின்று நின்று போக வேண்டும். உடம்பு அலைமோதும், கை மட்டும் விழுந்துவிடாமலிருக்கக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கும். விட்டால் மிதிபடுவோம். பிடித்த பிடியின் நேரம்தான் அந்தக் கைகளுக்குத் தெளிவைக் கொடுத்தது. எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு நேரம் பற்றினார்களோ அவ்வளவு பதிந்தார்கள். ஒரு கை தெளிவு, அடுத்தது பாதி, அதற்கடுத்தது வெறும் ஆவி. என் நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். 1/500 வினாடியில் இதே கூட்டத்தை எடுத்திருந்தால் நூறு முகம் கிடைத்திருக்கும், யார் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது கிடைத்திருக்காது. அவர் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "இதுல ஒரு கை ரொம்பச் சின்னதா இருக்கு" என்றார். குழந்தையா, கோணமா என்று இருவருக்கும் முடிவாகவில்லை.

கைபேசியில் இப்போது இது ஒரு தொடுகைதான். ஐபோனில் 'லைவ் போட்டோ' எடுத்து 'நீண்ட வெளிச்சம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், எடுத்த சட்டகங்களை அடுக்கி மென்பொருளே அருவியைப் பாலாக்கித் தரும். 2017இலிருந்து இந்த வசதி இருக்கிறது. இதைப் பற்றிப் புலம்ப எனக்கு விருப்பமில்லை. கருவி எதுவாக இருந்தாலும் எங்கே திருப்புகிறோம் என்பது கையிலிருப்பவர் பாடு.

கடைசியாக மிக மெதுவான ஷட்டர் ஒன்று. ஜெர்மானியரான மைக்கேல் வெஸலி, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இடித்துக் கட்டப்பட்டபோது அதைச் சுற்றிக் கேமராக்களைப் பொருத்தி, 2001 முதல் 2004 வரை ஷட்டரைத் திறந்தே வைத்தார். சில படங்களுக்கு 34 மாதம் ஒளி விழுந்திருக்கிறது. இடித்த கட்டடமும் எழுந்த கட்டடமும் ஒன்றுக்குள் ஒன்று கண்ணாடிபோலத் தெரிகின்றன. இரும்புச் சட்டங்கள் ஆவிகளாக நிற்கின்றன. வானத்தில் சூரியன் நாள்தோறும் போன தடம் கோடு கோடாக விழுந்திருக்கிறது. மேகம் மூடிய நாட்களில் கோடு அறுந்திருக்கிறது. சூரியன்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் மூன்று வருடம் அந்தச் சட்டகத்துக்குள்தான் இருந்தார்கள். பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடிவிட்டேன். ஒரு கைகூட இல்லை.